முந்தின கேள்வியின் பதில்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அந்த அறையின் சுவர் பச்சை என்று நான் சொன்னால் "நீலம்" என்கிறாள் என் மனைவி. அன்றைக்கு அவள் அங்கே வரவே இல்லை. ஆனாலும் அவள் சொல்கிற தோரணையில், நீலமாகத்தான் இருந்திருக்குமோ என்று தோன்றிவிடுகிறது. கேள்விகளின் வரிசையும் முன்பின்னாக மாறியிருக்கலாம். பதில்களை மட்டும் நான் மாற்றவில்லை. என் கொழுந்தியாளின் மகள் அந்த அறையில் உட்கார்ந்து சொன்ன பதில்களை மறக்கக்கூடியவன் தன் பெயரையும் மறந்துவிடுவான்.

அவளுடைய அப்பா எனக்குச் சகலை. குழாய்க் கடைக்காரர். குளியலறைக் குழாய், கைகழுவும் தொட்டி, ஷவர் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். ஒரு குழாய் வாங்க வந்தவரை மூன்று குழாயோடு அனுப்பிவைக்கும் வாய் அவருக்கு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தும் எழுந்திருக்காமல் பேசுவார். இழவு வீட்டில் பிணம் போன பிறகும் பேசுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காத்திருப்போர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள்.

காத்திருப்போரின் நம்பிக்கை எளிமையானது. கேட்ட உடனே வாயில் வருகிற பதில் மனிதனுடையது; காத்திருந்தால் வருகிற பதில் கடவுளுடையது. அதனால் யார் எதைக் கேட்டாலும் வலது உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மூச்சு தணிந்து, பதில் 'இறங்கும்' வரை வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் மதம். மாலையில் ஒரு கூடத்தில் கூடுவார்கள். ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் யாருக்கும் எதுவும் இறங்காது. எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் இவற்றோடு வரும் கையேடுகளை நாள் முழுக்க வாசிப்பது என் வேலை. அதில் பேச்சுக்கு இடமில்லை, வீட்டுக்கு வந்தாலும் புத்தகம்தான். உலகத்தில் பாதிப் பேர் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சும்மா இருந்தால் மீதிப் பாதிப் பேர் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைக்கிற ஆள் நான். ஒரு நல்ல மதத்தைக் கெடுக்க வெளியிலிருந்து எதிரி வரவேண்டியதில்லை. என் சகலை போல ஒருவர் உள்ளே போனால் போதும்.

எங்கள் வீட்டுக்கு வருவார். "காபியா, டீயா?" என்று மனைவி கேட்பாள். கை நெஞ்சுக்குப் போகும். கண் மூடும். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"மாப்பிள்ளைக்கு இறங்கறதுக்குள்ள பால் பொங்கிடும். ரெண்டையும் கலந்து ஒரே டம்ளர்ல குடுத்துடறேன்" என்பாள்.

அவர் சிரிக்க மாட்டார். கேலி செய்யப்படுவது அவருக்கு வேண்டியிருந்தது. நெஞ்சில் கை வைத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, பார்க்கிறோமா என்று பார்ப்பார்.

ஆனால் கடையில் இதெல்லாம் கிடையாது. "இது எவ்வளவு?" என்று வாடிக்கையாளர் வாயெடுப்பதற்குள் விலை வந்து விழும். "அங்க மட்டும் எப்படி சகலை?" என்று ஒருமுறை கேட்டேன். "கடையில கேக்கறது கேள்வி இல்ல சகலை, விசாரிப்பு" என்றார். அதைக் கேட்ட மாத்திரத்தில் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். பேச்சு வந்ததிலிருந்து மூன்று வயதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் நான் அவளை மைனா என்பேன். பிறகு அவளும் நெஞ்சில் கை வைக்கப் பழகிவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடத்தில் கேட்டதும் கை தூக்கவேண்டும், முந்திச் சொன்னவனுக்கு 'வெரி குட்', மணி அடித்தால் பாதி யோசனையில் எழுந்து ஓடவேண்டும், அது எங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று காத்திருப்போர் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். நியாயமான முறையீடுதான். அரசாங்கமும் வேண்டா வெறுப்பாக ஒரு வழி விட்டது. பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்துக்கு அழைத்து வந்து வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வைக்கவேண்டும். தேறினால் இன்னொரு வருடம் வீடு. தேறாவிட்டால் அரசு விடுதிப் பள்ளி. அது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போன பிள்ளையை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

தேர்வின்போது அந்த நம்பிக்கையைச் சேராத உறவினர் ஒருவர் சாட்சியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றும் விதி. அந்த உறவினர் நான்.

முதல் சில வருடங்கள் தேர்வு நடத்திய அம்மாள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். தோலைக் கிழியாமல் உரிப்பதில்தான் அவருடைய கவனமெல்லாம். உரித்து முடிப்பதற்குள் மைனா பதில் சொல்லிவிடுவாள். ஒரு சுளை அவளுக்கும் கிடைக்கும். அப்படியே போயிருந்தால் எழுத என்னிடம் இந்தக் கதை இருந்திருக்காது. அந்த அம்மாள் ஓய்வு பெற்றார்.

புதிதாக வந்தவர் சட்டைப்பையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் கல்வி அலுவலக மாடிப்படியிலேயே அவரைப் பற்றித் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். "டிக்குனு அமுக்கறான், பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள கீச்சுனு கத்துது" என்று அந்த அம்மா யாரிடமோ பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். என் கொழுந்தியாள் நின்றுவிட்டாள்.

"அத்தான், நேரம் வைக்கறாங்களாமே?"

நான் சகலையைப் பார்த்தேன். அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூட்டத்தின் வழக்குகளையெல்லாம் பார்க்கிறவர். இரண்டு கைப்பேசி, ஒரு வாசனைத் திரவியம். தேர்வுக்கு வக்கீல் எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்கவேண்டும். தோன்றவில்லை.

"எல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார் வக்கீல்.

அறை பச்சையோ நீலமோ, சின்னது. ஒரு மேஜை, மின்விசிறி, காலொடிந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த ஒரு மூலை. தேர்வாளர் இளைஞர். முடியை ஈரமாக வாரியிருந்தார். மேஜைமேல் வாட்சை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் கேள்வித்தாளை மேஜையின் விளிம்புக்கு நேராகச் சரிசெய்தார். எதிரே மைனாவை உட்கார வைத்தார். சுவரோரமாக அம்மா, அப்பா, நான். வக்கீலுக்கு அனுமதி இல்லை. அவர் வெளியே வராந்தாவில்.

"பெத்தவங்க பேசக்கூடாது. சாட்சியும் பேசக்கூடாது. நேரத்துக்குள்ள சொல்லலன்னா பதில் இல்லன்னு போட்டுடுவேன். ஆரம்பிக்கலாமா?"

மைனா நெஞ்சில் கை வைத்தாள். தான் கேட்டது அவருக்கே கேள்வியாகப் படவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ற உறுப்பு எது?"

வாட்சை அமுக்கினார். மைனாவின் கை நெஞ்சிலேயே இருந்தது. கண்ணை மூடவில்லை, அவள் ஒருபோதும் அவள் அப்பாவைப் போல மூடமாட்டாள். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச் கீச்சென்று கத்தியது.

"பதில் இல்ல" என்று எழுதினார். "அடுத்தது. ஏழெட்டு எவ்வளவு?"

"சிறுநீரகம்" என்றாள் மைனா.

அவர் தலையைத் தூக்கினார். "என்ன?"

இது புதுக் கேள்வி என்று அவள் எடுத்துக்கொள்ளாதது நல்லதாயிற்று. பேசாமல் இருந்தாள். வாட்ச் கத்தியது. ஏதோ எழுதினார்.

"கடல் தண்ணி ஏன் உப்பா இருக்கு?"

"ஐம்பத்தாறு."

என் பக்கத்தில் கொழுந்தியாள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இந்த நாட்டுல அரசாங்கத்தை யாரு தேர்ந்தெடுக்கறாங்க?"

"ஆறுங்க மண்ணுல இருக்கற உப்பையெல்லாம் கரைச்சுக் கொண்டுவந்து சேர்க்குது. வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாப் போயிடுது."

"சரிதான் போ" என்றார் தேர்வாளர். அவர் முகத்தில் வந்தது இரக்கம் என்று வேறு யாராவது சொல்லக்கூடும். தன் வேலை சுலபமாகிவிட்டது என்று தெரிந்தவனின் மலர்ச்சி அது. "கூட்டமா வாழற மிருகம் ஒண்ணு சொல்லு."

"மக்கள்."

"ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர்?"

"யானை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, காத்திருந்து, இறங்கியதும் கொடுத்தாள். கொடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் வேறு கேள்வி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அவள் பொறுப்பில்லை. கேட்டவர் காத்திருப்பார் என்பதுதான் அவள் வளர்ந்த உலகம். ஒருவர் தான் கேட்டதற்குப் பதில் வருவதற்குள் இன்னொன்றைக் கேட்பார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். "இது சாதாரண விடுதிகூட இல்லம்மா. இந்தப் பொண்ணை வேற மாதிரிப் பிள்ளைங்களுக்கான இடத்துலதான் சேர்க்கணும். இத்தனை வருஷம் எப்படிப் பாஸ் பண்ணிவிட்டாங்கன்னே தெரியல."

"அவ சரியாத்தான் சார் சொல்றா!" கொழுந்தியாள் எழுந்துவிட்டாள். புருஷனோடு அவளும் கூட்டத்தில் சேர்ந்த நாள்முதல் அவள் காத்திராமல் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "முந்தின கேள்விக்குச் சொல்றா. நீங்க எழுதி வெச்சிருக்கறதை ஒண்ணொண்ணாத் தள்ளிப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கும்."

தேர்வாளர் தாளைப் பார்க்கவில்லை. சகலையைப் பார்த்தார். "அப்படியா சார்?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கடையில் அதை ஒரு நாளைக்கு நூறுமுறை சொல்கிற மனிதர். சகலை வலது கையைத் தூக்கினார், நெஞ்சின்மேல் வைத்தார், கண்ணை மூடினார்.

தேர்வாளர் பழக்கதோஷத்தில் வாட்சை அமுக்கிவிட்டார் போல.

மௌனத்தில் எத்தனையோ வகையை நான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்த புத்தகத்தை மூடிய பின் வருவது ஒன்று, சண்டைக்குப் பின் சாப்பாட்டு மேஜையில் வருவது ஒன்று. என் சகலை அன்று உட்கார்ந்திருந்தது எதிலும் சேராது. பதில் அவர் வாய்க்குள் தயாராக இருந்தது. நாக்கால் அதன் மென்னியைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தார். அவருடைய வலது கண்ணிமை லேசாகத் திறந்து, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தது. மைனா நாற்காலியில் திரும்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் பதற்றம் இல்லை. அப்பா காத்திருக்கிறார், இறங்கியதும் சொல்லுவார் என்று அவளும் காத்திருந்தாள்.

வாட்ச் கத்தியது.

"அப்பாகிட்டயும் பதில் இல்ல" என்றார் தேர்வாளர். தாளை என் பக்கம் நகர்த்தினார். "சாட்சி, இங்க ஒரு கையெழுத்து."

"இந்தம்மா சொன்னது உண்மை. நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"சாட்சி பேசக்கூடாது சார். கையெழுத்து மட்டும்தான்."

"பேசல. கையெழுத்தும் போடல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மதிய உணவு தள்ளிப்போகிற கவலை தெரிந்தது. சாட்சி கையெழுத்துப் போடாவிட்டால் அன்றைக்கே மறுதேர்வு வைக்கவேண்டும் என்று விதி இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. நான் வெறும் எரிச்சலில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்று வாட்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. மைனா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். வக்கீல் சகலையின் தோளில் கை போட்டு ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே நடந்ததைச் சகலை அவருக்குச் சொன்னார். எவ்வளவு சரளமாகச் சொன்னார்! தேர்வாளரின் குரலில் ஒன்று, மகளின் குரலில் ஒன்று.

வக்கீல் 'ஆகா' என்றார். "சரியான பதிலைச் சொல்ற பொண்ணை புத்தி சரியில்லன்னு சொல்லி அரசாங்கம் பிடுங்கிட்டுப் போகுது. இதுக்கு மேல ஒரு கேஸ் யாருக்கும் கிடைக்காது. பெரிய கோர்ட்டு வரைக்கும் போகலாம்."

நான் பக்கத்தில் போனேன். "வக்கீல் சார், நேரம் வைக்கறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்தவுடனே சர்க்குலர் போட்டாரே அந்த ஆளு. தெரியாம என்ன?"

"அப்ப எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் நேரம் கூட்டிக் குடுங்கன்னு ஒரு மனு போட்டிருக்கலாமே?"

வக்கீல் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கேட்டா குடுத்துடுவாங்க சார். அப்புறம் கேஸு எங்க இருக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்குக் கேஸ் பிடிக்கும், அவ்வளவுதான். சிலருக்கு மீன் பிடிப்பதுபோல. உள்ளே இருந்தவருக்கு வாட்ச் பிடிக்கும். ஒருவர் மதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே: இந்தப் பிள்ளை தேறக் கூடாது.

கொழுந்தியாள் அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டிருந்தாள். நேராகப் புருஷனிடம் போனாள்.

"உள்ள அவரு கேட்டப்ப ஏன் ஆமான்னு சொல்லல?"

"இறங்கல."

"பெத்த பொண்ணு சரியாச் சொல்றாளா இல்லையான்னு தெரியறதுக்கு மேலேருந்து யாரு இறங்கணும்?"

"இங்க பாரு, இது நம்ம ஒரு வீட்டு விஷயம் இல்ல. எத்தனை குடும்பம் நம்மையே பாத்துட்டிருக்கு..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குப் பொண்ணு வேணுமா, கேஸு வேணுமா?"

"கேஸ்ல ஜெயிச்சா பொண்ணு தானா வந்துட்டுப் போறா!"

கேள்வி முடிந்த இடத்தில் பதில் ஆரம்பித்தது. நடுவில் ஒரு தாள்கூட நுழைந்திருக்காது. குழாயின் விலை சொல்வது போலச் சொன்னார்.

கொழுந்தியாள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அது பேண்ட் பையில் இருந்தது.

"கை எங்க?" என்றாள்.

அவர் கையை அவசரமாக வெளியே எடுத்தார். நெஞ்சுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் அதற்கே வெட்கமாகிவிட்டதோ என்னவோ, சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் தடவிவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. வக்கீல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துபோனார். அது ஒலித்ததாக எனக்கு நினைவில்லை.

பெஞ்சின் ஓரத்திலிருந்து மைனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுடைய அம்மாவும் வந்து முன்னால் குந்தி, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனாக்குட்டி, மத்தியானம் அவரு கேட்டதும் சொல்லிடு. டக்குனு சொல்லிடு. அம்மாவுக்காக."

மைனா நெஞ்சில் கை வைத்தாள்.

"என்கிட்டயுமாடி!" என்று கொழுந்தியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் காத்திருந்தோம். கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வந்தது, யாரோ தட்டினார்கள், அது நின்றது, திரும்பப் பின்னால் வந்தது. எனக்கு அந்த மௌனம் கனக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டத்தாரில் யாராவது ஒருவர் உண்மையிலேயே காத்திருந்தார் என்றால் அது இந்தப் பதினோரு வயதுப் பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இறங்காமச் சொன்னா அது பொய்ம்மா" என்றாள் கடைசியில். பிறகு, அதே குரலில், கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள்: "அப்பா இப்ப சொன்னதும் இறங்கினது இல்ல."

 அவள் அம்மா எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். மைனா குடித்தாள். மீதியை அம்மா குடித்தாள். அதற்குமேல் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. மத்தியானமும் காலை மாதிரியே நடக்கும், நான் மறுபடி கையெழுத்துப் போட மறுப்பேன், வேறு ஒரு சாட்சியைச் சகலையே பிடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று என் மனம் கணக்குப் போட்டது.

தேர்வாளர் சோம்பேறி என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தார். ஏப்பத்தைக் கையால் மறைத்தார். மேஜை விளிம்புக்கு நேராகத் தாளை வைத்தார். மறுதேர்வுக்கு வேறு தாள் தயாரிக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் புத்தி சரியில்லாத பெண்ணுக்கு எதற்கு என்று விட்டிருப்பார். வாட்சை அமுக்கினார்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ற உறுப்பு எது?"

"சிறுநீரகம்."

கை மடியிலேயே இருந்தது. தேர்வாளர் வாட்சைப் பார்த்தார், அது ஓட ஆரம்பித்ததா என்று.

"ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு."

"சார்!" சகலை எழுந்துவிட்டார். "இதை நீங்க எடுத்துக்கக் கூடாது சார். அவ காத்திருக்கல. இறங்காமலே சொல்றா. இது எங்க நம்பிக்கைக்கு விரோதம்."

சொந்த மகள் சரியான பதில் சொல்கிறாள் என்று அதிகாரியிடம் புகார் கொடுத்த ஒரு தகப்பனை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். தேர்வாளருக்கும் அது புதிது போல. வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

மைனா திரும்பினாள். "அப்பா, இது காலையில கேட்டதுதானே. அப்பவே இறங்கிடுச்சு."

கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்தும் அடங்காமல் தோள் குலுங்கியது. சகலை நின்றுகொண்டே இருந்தார். உட்காருவதற்கு ஒரு காரணம் தேடினார் என்று நினைக்கிறேன்.

"பெத்தவங்க பேசக்கூடாது" என்று தேர்வாளர் அவருக்கு ஒரு காரணம் கொடுத்தார்.

உப்பு, மக்கள், யானை, நூறு. கடைசிக்கு முந்தின கேள்விவரை ஒரு பதிலும் பிசகவில்லை. கடைசிக் கேள்வி காலையில் கேட்காமலே விட்டது. அதற்கு மட்டும் கை நெஞ்சுக்குப் போயிற்று, வாட்ச் கத்தியது, பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார். ஒன்று போனாலும் தேர்ச்சிதான். தேர்ச்சி என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். குரலில் முதன்முறையாக அவருடைய சொந்த வயது தெரிந்தது.

"இவ்வளவு படிச்சிருக்கியே, உனக்கு ஸ்கூலுக்குப் போகணும்னு ஆசையே இல்லையா?"

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. கூட்டம் அவளுக்காக மனுப் போட்டிருந்தது. அரசாங்கம் அவளுக்காகச் சட்டம் போட்டிருந்தது. அவளுடைய அம்மாவும் நானும்கூடக் கேட்டதில்லை.

மைனா நெஞ்சில் கை வைத்தாள். அவர் வாட்சை அமுக்கவில்லை. ஆனால் காத்திருக்கவும் இல்லை. வெளியே அடுத்த பிள்ளை நின்றுகொண்டிருந்தது. எழுதவேண்டியதை எழுதி முத்திரை குத்தி என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் விழுந்ததில்லை.

வக்கீல் எங்களுக்காக நிற்கவில்லை. சகலை அவரைத் தேடிக்கொண்டு படியிறங்கி ஓடினார். நாங்கள் மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வழியில் ஒரு பூட்டுக் கடை, ஒரு சலூன், சைக்கிள் டயர் தொங்கும் ஒரு கடை.  நிறுத்தத்தில் பஸ் வந்தது. கூட்டமாக இருந்ததால் விட்டுவிட்டோம். அடுத்தது வருவதற்குள் மைனா நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். அலுவலகத்திலிருந்து அதுவரை எடுக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"ஆசைதான்" என்றாள்.

"என்னடி?" என்றாள் அவள் அம்மா.

"அந்த சார் கேட்டாரே. ஆசைதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடற ஸ்கூலா இருந்தா."

அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் அச்சகத்துக்குப் போவேன். கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"அத்தான், உங்க வீட்டு மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு?" என்றாள்.

இதுதான் நடந்தது, அல்லது நடந்ததில் எனக்கு மிஞ்சியது.

கொழுந்தியாளும் மைனாவும் எங்கள் மாடி அறைக்கு வந்தார்கள். சில வருடங்கள் இருந்தார்கள். கொழுந்தியாள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், இப்போது அதை அவள்தான் நடத்துகிறாள். மைனா தெருமுனைப் பள்ளியில் படித்தாள். முதல் வருடம் மந்தமான பிள்ளை என்றார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இப்போது நில அளவைத் துறையில் இருக்கிறாள். இன்றைக்கும் எதைக் கேட்டாலும் நெஞ்சில் கை வைக்கிறாள். கூடத்துக்கு மட்டும் போவதில்லை. சகலை தன் தம்பி மகனை வைத்து வழக்கை நடத்தினார். பையன் தேர்வில் தோற்று விடுதிக்குப் போனான், வழக்கு பெரிய கோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றது, தம்பி அவரோடு பேசுவதில்லை. வக்கீலுக்கு அந்த வழக்கால் நல்ல பெயர். தேர்வாளர் பதவி உயர்வு பெற்று, எல்லா அலுவலகங்களுக்கும் ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கொடுத்தார். ஆரஞ்சு உரித்த அம்மாள் இறந்துவிட்டார். குழாய்க் கடை நன்றாக ஓடுகிறது. காத்திருப்போரின் கூடத்தில் இப்போது சகலைதான் தலைவர். அங்கே கேள்வி கேட்கிறவரும் அவர், பதில் சொல்கிறவரும் அவர் என்று கேள்வி. சுவர் பச்சைதான்.